தைலத்தார் இழுத்த மூச்சு

மன்னார்த் தீவில் கடற்காற்றின் மீதே முறைப்பாடு கொடுக்கப் புறப்பட்ட ஒரே மனிதர் எங்கள் தைலத்தார்தான். நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கள் கந்தோருக்கு மாற்றலாகி வந்து என் அறையின் இரண்டாவது கட்டிலைப் பிடித்தார். வந்த அன்றே கட்டிலுக்கடியில் செத்த எலியைத் தேடினார். எலி இல்லை, அது கடல் என்றேன். நம்பாமல் அலுமாரியையும் நகர்த்திப் பார்த்தார்.

கைக்குட்டையில் எந்நேரமும் யூக்கலிப்டஸ் தைலம். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். அவருக்கு அது மழை விட்ட மலைப்பாதையின் வாசம். எங்களுக்கோ நெஞ்சுச்சளியோடு படுத்திருப்பவர்களின் வாசம். அவர் அறைக்குள் வந்தாலே எனக்கு இருமத் தோன்றும். நான் கருவாட்டுப் பார்சலைப் பிரித்தால் அவர் சோற்றோடு வெளியே போய்விடுவார்.

இப்பேர்ப்பட்டவரின் மனம் போன இடம்தான் வேடிக்கை. தேவாலயத்தில் பாடிய, பக்கத்துப் பேசாலை ஊர்ப் பெண் ஒருத்தி. அவளுடைய தகப்பன் கருவாடு போடுகிறவர்.

பெண் கேட்கப் போனபோது மாப்பிள்ளை வீட்டார் என்று நான் ஒருவன்தான். அங்கே கைக்குட்டையை எடுக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவரும் காப்பாற்றினார். கைக்குட்டையை அறையிலேயே வைத்துவிட்டு, தைலத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

முற்றம் முழுக்கக் கருவாடு காய்ந்தது. நாங்கள் கதிரையில் உட்கார்ந்ததும் பெண்ணின் தாய் சின்னப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார். தேநீரில் உயிரையே வைத்திருந்த மனிதருக்கு மல்லித்தண்ணி வந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம்.

"தம்பிக்கு முட்டு வருத்தம் இருக்கோ? மறைக்காமச் சொல்லுங்கோ," என்றார் தகப்பன்.

"இல்லீங்க, இது எங்க ஊரு வாசமுங்க."

தகப்பன் நம்பவில்லை. மூச்சிழுப்பு நோய்க்காரனுக்கு யார் மகளைக் கொடுப்பார்கள்? "அப்ப ஒருக்கா மூச்சை நல்லா உள்ளுக்கு இழுத்துக் காட்டுங்கோ," என்றார்.

கதவோரம் அவள் நின்றாள். தைலத்தார் என்னைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, மன்னாருக்கு வந்த நாள்முதல் தவிர்த்து வந்த காற்று முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்தார். நெஞ்சு விரிந்தது. கண்ணால் நீர் வழிந்தது. இருமல் மட்டும் வரவில்லை.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஏன் தம்பி அழுறீங்கள்?"

"சந்தோசமுங்க."

கலியாணம் முடிந்து பேசாலையிலேயே குடியேறிவிட்டார். கருவாட்டுக் குழம்புக்கு உறைப்புப் போதாது என்று இப்போது மாமியாரிடமே குறை சொல்கிறாராம்.

என் அறையில் கடல் மட்டும்தான் மணக்கிறது. போன கிழமை பார்மசியில் ஒரு யூக்கலிப்டஸ் போத்தல் வாங்கினேன். தடிமனா, சளியா என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.