மரநாய் மாசிலாமணியும் இருபது முகப் பகடையும்

ஒரு காட்டில், வனத்துறை விடுதியின் ஓட்டுக்கூரை இடுக்கில், மாசிலாமணி என்றொரு மரநாய் குடியிருந்தது. பழம் தின்னும், தூங்கும். மற்றபடி அதற்கு ஒரே ஒரு ஆசைதான். தான் கதை சொல்ல வேண்டும், நாலு பேர் வாய் பிளந்து கேட்க வேண்டும்.

ஒரு தடவை மலையேற வந்த கல்லூரிப் பிள்ளைகள் விடுதி வராந்தாவில் ஒரு பையை மறந்துவிட்டுப் போனார்கள். பிஸ்கட் இருக்கும் என்று நினைத்து மாசிலாமணி அதைக் கடித்துத் திறந்தது. பிஸ்கட் இல்லை. வழவழவென்று ஒரு பகடை இருந்தது. நம் பகடை போல ஆறு முகம் இல்லை, இருபது முகம். முந்தின சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் அதை உருட்டி என்ன விளையாடினார்கள் என்பதை மாசிலாமணி கூரையில் படுத்தபடி முழுக்கப் பார்த்திருந்தது.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். "முன்னால் ஒரு ஆறு ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். "தாண்டுகிறேன்" என்று சொன்னால் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் அக்கரை. சின்ன எண் விழுந்தால் ஆற்றோடு போக வேண்டியதுதான்.

மழைக்காலம் வந்தது. வெளியே போக வழியில்லாத மிருகங்கள் ஒரு பாறைக் குகையில் கூடின. மாசிலாமணி கதைசொல்லி ஆனது. தேனைக் கண்டால் தன்னையே மறந்துவிடும் கரடி பெரியகறுப்பன், முற்றும் துறந்த முனிவராக வேடம் எடுத்தது. யாரும் பக்கத்தில் உட்காரத் தயங்கும் முள்ளம்பன்றி அன்னக்கிளி, எல்லோரையும் கட்டிப்பிடித்துத் தேற்றும் மருத்துவச்சி ஆனது. எங்கே நின்றாலும் கண்ணில் படும் மயில் தங்கப்பழம், தனக்குத் திருடன் வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டது.

மாசிலாமணி ராப்பகலாக யோசித்து ஒரு சாகசத்தைத் தயார் செய்தது. பாழடைந்த அரண்மனை. வாசலுக்கு வாசல் ஒரு விடுகதை. உள்ளே சாபத்தால் கல்லாகிப் போன ராணி. அரண்மனைக்குப் போகிற பாதையில், பேச்சுக்காக ஒரு டீக்கடையையும் வைத்தது.

மூன்று பேரும் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கடைக்காரருக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று அன்னக்கிளி கேட்டது.

"ஒரு மக இருக்கா" என்றது மாசிலாமணி, யோசிக்காமல்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

அவ்வளவுதான். அந்த மழை ஓயும்வரை அவர்கள் கடைக்காரர் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். அரண்மனைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "கிழக்க ஒரு அரண்மனை தெரியுது" என்று மாசிலாமணி சொல்லிப் பார்த்தது. "தெரிஞ்சா தெரியட்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வர்றாங்க, அதைச் சொல்லு" என்றது கரடி.

அடுத்த கதைக்கு மாசிலாமணி கடலும் கப்பலும் தயார் செய்தது. அவர்கள் கப்பலில் ஏறவில்லை. அதற்கடுத்து ஒரு போர். போர்க்களத்துக்கு எதிர்த் திசையில் நடந்து போய்ச் சுண்டல் வாங்கினார்கள். மாசிலாமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லான ராணியையே நினைத்துக்கொண்டிருந்தது. அவளைக் கடைசிவரை யாருமே பார்க்கவில்லையே.

பிறகு ஒரு நாள் அது மனம் வெறுத்து விடுதி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தது. விடுதிக்குப் பின்னால் இருந்த தட்டைப் பாறையில் நான்கு பத்தி போட்டது. எங்கே, யார், அவருக்கு என்ன வேண்டும், என்ன கெட்டுப்போகும். ஒவ்வொன்றின் கீழும் வாயில் வந்ததையெல்லாம் இருபது வரி எழுதியது. இனிமேல் யோசிக்கப் போவதில்லை. பகடை யோசிக்கட்டும்.

பகடையை நான்கு தடவை உருட்டியது. கல்யாண வீடு. ஊமைத் தவளை. ஒரு பாட்டுப் பாட வேண்டும். மழை நின்றுபோகும்.

மாசிலாமணி நான்கையும் உற்றுப் பார்த்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஆனால் குகைக்குள் போய் வாயைத் திறந்ததும் தானாக ஒட்டிக்கொண்டது. தங்கையின் கல்யாணத்தில் அண்ணன் தவளை பாட வேண்டும். பாடாவிட்டால் மழை நின்றுவிடும், ஊரே காய்ந்துவிடும். அண்ணனோ ஊமை. மருத்துவச்சி மூலிகை அரைத்துக் கொடுத்தாள், பலிக்கவில்லை. கோயில் மணியின் நாக்கைத் திருடிக்கொண்டு வந்தான் திருடன், பொருந்தவில்லை. எல்லோரும் முனிவரைப் பார்த்தார்கள். கரடி மெதுவாகச் சொன்னது.

"என் குரலை அதுக்குக் குடுத்துடறேன். எனக்கெதுக்கு, நான் துறவிதானே."

தவளை பாடியது. கதைக்குள் மழை கொட்டியது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தது. மயில் தோகையால் முகத்தை மறைத்துக்கொண்டது. அன்னக்கிளி அழுத அழுகையில் முள்ளெல்லாம் நடுங்கின.

"தம்பி, இதை எத்தனை நாளா யோசிச்சே?" என்று கேட்டது அன்னக்கிளி.

மாசிலாமணி அப்போது நேர்மையான பிராணி. "யோசிக்கல அக்கா. ஒரு அட்டவணை போட்டேன். பகடையை உருட்டினேன். அது சொன்னதைக் கோத்துட்டேன்."

கரடி எழுந்து நின்றது.

"அப்போ என் குரல் போனது, உருட்டினதுல விழுந்த ஒரு நம்பராலயா?"

"கொடுத்தது நீங்கதானே அண்ணே. பகடை தவளையை மட்டுந்தான் தந்தது."

"நான் அழுதது பகடைக்கா?" என்றது கரடி. பதிலுக்குக் காத்திராமல் மழையில் இறங்கிப் போய்விட்டது. மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காலியான குகையில் தனியாக உட்கார்ந்து மாசிலாமணி யோசித்தது. ராப்பகலாக உழைத்துச் சொன்ன கதையைத் தூக்கிப் போட்டார்கள். உழைக்காமல் சொன்னதற்கு அழுதார்கள். உழைக்கவில்லை என்று தெரிந்ததும் அழுததைத் திரும்பக் கேட்கிறார்கள்.

அது கரடியின் பொந்துக்கே போய்ச் சேர்ந்தது.

"அண்ணே, அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன். ஒரு மாசம் தூக்கமில்லாம யோசிச்ச கதை அது. நீங்க குரலைக் குடுப்பீங்கன்னு எனக்கு முதல்லயே தெரியும். உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

கரடியின் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன்" என்றது. அன்றைக்கே எல்லோரும் குகைக்குத் திரும்பினார்கள்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. கதைக்குக் கதை மயில் நடுவில் புகுந்து தன் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பொறுக்க மாட்டாமல், திருடனின் மூக்கை ஒரு நண்டு கவ்வி அறுத்துவிட்டதாக மாசிலாமணி சொல்லிவிட்டது. பகடையை அது தொடக்கூட இல்லை.

தங்கப்பழம் தோகையைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "அண்ணாச்சி, வேணும்னே செய்யறீங்களா?"

"நான் எங்க செஞ்சேன். பகடையில விழுந்தது."

"பகடையா?" மயிலின் தோகை மடங்கியது. "பகடைன்னா யாரைச் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

மாசிலாமணி அன்று கூரையில் ஏறிப் படுத்தபோது அதன் மனம் லேசாக இருந்தது.

மழைக்காலம் முடிந்தது. மாசிலாமணியின் பெயர் காடெங்கும் பரவியது. எதையும் முன்கூட்டியே திட்டமிடுகிற மூளை என்றார்கள். வழியில் பார்க்கிற மான்கள் ஒதுங்கி வழிவிட்டன.

அப்புறம் கோடை வந்தது. ஓடை வற்றியது. ஓடைக்கு மேலிருந்த சுனையும் வற்றியது. குட்டிகள் ஈரச் சேற்றை நக்கிக்கொண்டு நின்றன. தலைவி யானை உலகம்மாள் எல்லா மிருகங்களையும் கூட்டியது.

"இங்க இருந்தா சாவுதான். எந்தப் பக்கம் போறது?" என்று அது கேட்டது.

ஆளுக்கொரு திசை சொன்னார்கள். கரடிதான் எழுந்து, "நம்ம மாசிலாமணி இருக்கும்போது நாம எதுக்குக் கத்தணும்?" என்றது.

உலகம்மாள், மாசிலாமணி உட்கார்ந்திருந்த மரக்கிளையை நிமிர்ந்து பார்த்தது. "நாளைக்குள்ள ஒரு வழி சொல்லுப்பா."

மாசிலாமணி உண்மையாகவே யோசித்தது. தெற்கே போனால் ஊர், துப்பாக்கி. மேற்கே செங்குத்துச் சரிவு, குட்டிகளால் இறங்க முடியாது. வடக்கே தண்ணீர் உண்டா என்று தெரியாது. கிழக்கே மலையைத் தாண்டினால் மூடிக் கிடக்கிற எஸ்டேட், அங்கேயும் என்ன இருக்கிறது என்று தெரியாது. யோசிக்க யோசிக்க எல்லா வழியும் சாவில் போய் முடிந்தது. கடைசியில் அது தட்டைப் பாறைக்குப் போய்ப் பகடையை உருட்டியது.

பாழடைந்த பங்களா. செவிட்டுக் காவல்காரன். பேச்சுத்துணை வேண்டும். தரை உள்வாங்கும்.

"கிழக்கே, எஸ்டேட் பங்களா" என்று மாசிலாமணி கூட்டத்தில் சொன்னது. "எல்லாம் யோசிச்சாச்சு."

புறப்பட்டார்கள். மலை ஏறும்போது ஒரு மான்குட்டி மடங்கி விழுந்தது. அதன் தாய் நக்கி நக்கி எழுப்பியது. "இன்னும் கொஞ்ச தூரந்தான்டா, அந்த மாமா எல்லாம் பார்த்து வச்சிருக்காரு" என்று அது சொன்னது மாசிலாமணியின் காதில் விழுந்தது. கதை எப்படி முடியும் என்று தெரியாமல் கதை சொல்வது அதற்குப் பழக்கம்தான். ஆனால் கேட்பவர்களுக்கு நிஜமாகவே தாகம் எடுப்பது இதுதான் முதல் தடவை. முன்னால் நடந்ததால் அதன் முகத்தை யாரும் கவனிக்கவில்லை.

பங்களா இருந்தது. காவல்காரன் இல்லை. முற்றத்து சிமெண்டுத் தொட்டியில் காய்ந்த இலைதான் கிடந்தது. உலகம்மாள் தொட்டியையும் மாசிலாமணியையும் மாறி மாறிப் பார்த்தது.

"இதுதானாப்பா?"

"உள்ள போய்ப் பார்க்கணும்" என்றது மாசிலாமணி, சும்மா நேரம் கடத்துவதற்காக.

"நான் பார்க்கறேன்" என்று கரடி கிளம்பியது. அதற்கு மாசிலாமணி மேல் அவ்வளவு நம்பிக்கை. கரடி பலகைத் தரையில் கால் வைத்தபோது, பாறையில் கரியால் எழுதியதில் நான்காவதாக விழுந்த வரி மாசிலாமணிக்கு நினைவு வந்தது. கூப்பிட வாயைத் திறந்தது. தரை உள்வாங்கும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பகடை என்று சொன்னால், பகடையை நம்பியா குட்டிகளை இவ்வளவு தூரம் நடத்திவந்தாய் என்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டது.

பலகைகள் முறிந்தன. கரடி உள்ளே போய்விட்டது. கீழேயிருந்து தொபுக்கென்று ஒரு சத்தம் வந்தது.

தண்ணீர்ச் சத்தம்.

பங்களாவுக்கு உள்ளேயே, பலகை போட்டு மூடிய பழைய கிணறு. உலகம்மாள் வாசல் வழியாகத் தும்பிக்கையை விட்டுக் கரடியைத் தூக்கி எடுத்தது. அதன் பின்னங்கால் ஒடிந்து தொங்கியது. பிறகு யானை உறிஞ்சி உறிஞ்சித் தொட்டியை நிரப்பியது. குட்டிகள் முதலில் குடித்தன. மான்குட்டி எழுந்து நின்றது.

எல்லோரும் குடித்து முடித்ததும் உலகம்மாள் கேட்டது. "இங்க கிணறு இருக்குன்னு உனக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

கரடி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கியது. "நான் விழுவேன்னும் தெரியுமா மணி?"

காடே மாசிலாமணியைப் பார்த்தது. கேள்வி இரண்டு, நடந்ததோ ஒன்றுதான். மாசிலாமணி இரண்டு தடவை கண் சிமிட்டியது.

"கிணறு என் திட்டம்" என்றது உலகம்மாளிடம். கரடியிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தியது. "நீங்க விழுந்தது பகடை அண்ணே."

உலகம்மாள் மெச்சித் தலையாட்டியது. கரடி பெருமூச்சு விட்டது. "பகடைன்னா யாரைக் கோவிச்சுக்கறது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. அன்னக்கிளி மட்டும் ஒடிந்த காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டியபடியே மாசிலாமணியை வெகுநேரம் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. அதற்கும் தாகம் தீர்ந்திருந்தது.

மாசிலாமணி காட்டின் திட்ட ஆலோசகர் ஆனது. யார் எங்கே வளை தோண்டலாம், எந்தப் பழமரம் யாருக்கு, எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்தது. பங்களாவின் மாடி அறை அதன் அலுவலகம் ஆனது. கால் கோணலாகக் கூடியதால் தேன் எடுக்க மரம் ஏற முடியாமல் போன பெரியகறுப்பனை அது கைவிடவில்லை. கூப்பிட்டுத் தனக்குக் கீழே ஒரு பதவி கொடுத்தது. பகடைப் பொறுப்பாளர். உருட்டுகிற வேலை இனி கரடியுடையது.

கரடிக்கு நெகிழ்ந்துவிட்டது. "என்னை மறக்கலியே மணி" என்றது.

நல்லது கிடைத்தவர்கள் மாடிக்குப் பழத்தோடு போனார்கள். வளையில் தண்ணீர் புகுந்த முயலும், இரை கிடைக்காத கீரியும் கீழே வாசலில் நின்றார்கள். கரடி ஒவ்வொருவரிடமும் பகடையை நீட்டிக் காட்டியது. "நான் உருட்டினது சரியில்லம்மா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லும்போது நிஜமாகவே அதன் கண் கலங்கும்.

நீதி: பலித்தால் திட்டம், பலிக்காவிட்டால் பகடை என்று சொல்லத் தெரிந்தவருக்குத் திட்டமும் தேவையில்லை, பகடையும் தேவையில்லை, பகடையைப் பிடித்துக்கொள்ள ஒரு நல்லவர் மட்டும் இருந்தால் போதும்.