மகாராணியைப் பட்டினி போட்ட வாரம்

எங்கப்பா சபதம் எடுத்தபோது வாய் நிறையப் பற்பசை நுரை. அதனால் சபதத்தின் முதல் பாதி எனக்குப் புரியவில்லை. துப்பிவிட்டுச் சொன்ன மறுபாதி இது:

"அந்த லிஃப்டுக்காரன் ஒண்ணும் பெரிய மேதாவி இல்லைன்னு இந்த வாரத்துக்குள்ள உங்கம்மாவுக்குக் காட்டறேன் பாரு!"

அப்பாவின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் உண்டு. அம்மா தெருப்பூனைகளைக் காப்பாற்றுகிறவள். அடிபட்டதைத் துண்டில் சுற்றித் தூக்கி வருவாள். குட்டி போட்டுக்கொண்டே இருப்பதைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடைக்குக் கொண்டு போவாள். இப்படி அலைந்ததில் ரோட்டோரம் படுக்கிறவர்களெல்லாம் அவளுக்குச் சிநேகிதம். எந்தப் பூனை எந்தக் காருக்கு அடியில் தூங்கும் என்று வேறு யாருக்குத் தெரியும்?

அவர்களில் தலைமை ஆலோசகர் லிஃப்ட் அண்ணன். பெரிய கடையொன்றில் இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். கடை மூடியது. வேலை போனது. பின்னாலேயே வாடகை அறையும் போனது. இப்போது நடைமேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே வாசம். மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தால் அவர் குரல் அப்படியே வரும்: "தங்கச்சி, கறுப்பன் மூணாவது படியில இருக்கான். மெதுவா ஏறுங்க. நெரிசல் வேண்டாம்."

எங்கள் சாப்பாட்டு மேசையில் தினமும் இதுதான் நடக்கும்.

"லிஃப்ட் அண்ணன் சொன்னார், நாளைக்கு மழை வருமாம்."

"நான் நேத்தே சொன்னேனே!"

"நீங்களா? எப்போ?"

அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அம்மா லிஃப்ட் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாள். அதைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். அது அவருக்கு அப்பாவைவிட நன்றாகப் பொருந்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் மகாராணி விவகாரம் வந்தது. மகாராணி ஒற்றைக் காது பூனை. வருஷத்துக்கு மூன்று பிரசவம். பாதிக் குட்டிகள் வண்டிச் சக்கரத்துக்குத்தான் போய்ச் சேரும். இரண்டு வருஷமாக அம்மா துரத்துகிறாள், அது அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சட்டம் போட்டாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூண்டு வைக்கறோம். அதுவரைக்கும் மகாராணிக்கு யாரும் எதுவும் போடக்கூடாது. வயிறு நிறைஞ்ச பூனை கூண்டுக்குள்ள வராது. லிஃப்ட் அண்ணன் திட்டம். முக்கியமா அஞ்சு மணிக்கு, படிக்கட்டு கிழக்குப் பக்கம், மூணாவது தூண்கிட்ட. அங்கதான் அது உட்காரும். அங்க யாரும் போகவே கூடாது. புரியுதா?"

"புரியுது," என்றார் அப்பா. அவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம்.

திங்கட்கிழமை ஐந்து மணி. கிழக்குப் பக்கம். மூன்றாவது தூண். கையில் மீன் டின். காவலுக்கு நான்.

"வயித்தை நிரப்பி விடறேன். வெள்ளிக்கிழமை கூண்டு காலியா இருக்கும். லிஃப்டுக்காரன் மூஞ்சி தொங்கும். உங்கம்மா, 'ஏங்க, உங்களையே கேட்டிருக்கலாமே'ன்னு சொல்லுவா."

"சொல்லுவாங்களாப்பா?"

"சொல்லணும்டி!"

மகாராணி பத்தடி தள்ளி நின்று, வரி கேட்க வந்த அதிகாரி மாதிரி அப்பாவைப் பார்த்தது. அவர் டின்னை வைத்துவிட்டு விலகிய பிறகுதான் வந்து தின்றது.

செவ்வாய்க்கிழமை ஐந்தடி. புதன்கிழமை, ஒரு மூட்டைக் குடைகளோடு அங்கேயே வசிக்கும் குடைக்காரம்மா, தூணுக்குப் பின்னால் குந்தியிருந்த அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய குரல் கரகரப்பு, ஆனால் தாலாட்டுக் கரகரப்பு.

"ஏன் தம்பி, வீட்ல துரத்திட்டாங்களா?"

"இல்லைங்க…"

"வெக்கப்படாதீங்க. முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும். கிழக்குப் பக்கம் காத்து அடிக்கும், இந்த அட்டையைப் போட்டுக்குங்க." தன் பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். "சாப்பிடுங்க. இளைச்சுப் போயிட்டீங்க."

எங்கப்பாவைப் பார்த்து 'இளைச்சுப் போயிட்டீங்க' என்று சொன்ன முதல் மனுஷி. அப்பா உடைந்துவிட்டார். பன்னும் வாயுமாக, "என் பொண்டாட்டி எல்லாத்துக்கும் வேற ஒருத்தரைத்தாங்க கேக்கறா! ஒரு நாளாவது என்னைக் கேட்டாளா?" என்று புலம்பினார்.

"அடப் பாவமே," என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார் குடைக்காரம்மா.

வியாழக்கிழமை மகாராணி அப்பாவின் செருப்பின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டது. பிறகு நகர்ந்துபோய்க் குடைக்காரம்மாவின் மூட்டையில் முதுகைத் தேய்த்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"மீன் நான் போடறேன், கொஞ்சல் அங்கயா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா கூண்டு வைத்தாள். லிஃப்ட் அண்ணன் அப்பாவின் ஸ்வெட்டரில் கம்பீரமாக நின்றார். நானும் அப்பாவும் தூணுக்குப் பின்னால். மகாராணி வந்தது. கூண்டைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. கொட்டாவி விட்டது.

"பார்த்தியா!" அப்பா என் தோளைக் கிள்ளினார். "காலி! திட்டம் காலி!"

அம்மா திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வந்து கூண்டுக்கு அந்தப் பக்கம் உட்காருங்க. டின்னைத் திறந்தே வெச்சிருக்கேன்."

அப்பா தூணோடு தூணாகிவிட்டார்.

"தூணுக்கு வெளியில தொப்பை தெரியுது. வாங்க."

அப்பா வந்தார். "நான்… சும்மா… நடக்க வந்தேன்."

"அஞ்சு நாளா நடக்கறீங்க. மகாராணிக்கு மூணு கடையில சாப்பாடு. அது என்னிக்குப் பட்டினி கிடந்திருக்கு? என்னைப் பார்த்தா கூண்டுக்காரின்னு ஓடும். அண்ணன் ஒரு தடவை போர்வை போட்டுப் பிடிக்கப் பார்த்தார், அவரையும் நம்பாது. புதுசா ஒரு ஆள், தினமும் ஒரே நேரம், ஒரே இடத்துல உட்காரணும்."

"என்கிட்ட கேட்டிருந்தா வந்திருப்பேனே!"

"போன மாசம் கேட்டேன். முதுகு வலின்னீங்க. அதான் போகக்கூடாதுன்னு சொன்னேன்."

"இது யார் யோசனை?" அப்பா லிஃப்ட் அண்ணனை முறைத்தார். "லிஃப்டுக்காரர்தானே?"

லிஃப்ட் அண்ணன் அவசரமாகக் கையசைத்தார். "என் யோசனை இல்லை சார். உங்க வீட்டம்மா யோசனை. 'அவரால மட்டும்தான் முடியும் அண்ணே'ன்னாங்க."

அவரால மட்டும்தான் முடியும்! அப்பாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. கூண்டின் அந்தப் பக்கம் சிம்மாசனத்தில் அமர்வதுபோல் அமர்ந்தார். டின்னைக் கம்பி இடுக்கில் காட்டி, "வாம்மா, வா," என்றார். மகாராணி அவரைப் பார்த்தது. ஒரு கால் வைத்தது. இன்னொரு கால். உள்ளே போய் அவர் விரலை முகர்ந்தது.

"கதவு மூடுது," என்று லிஃப்ட் அண்ணன் மெதுவாகச் சொல்ல, கதவு விழுந்தது.

குடைக்காரம்மா கை தட்டினார். அம்மா ஓடி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என் தங்கமே! என் சமத்தே! இந்த உலகத்துலயே உன்னை மாதிரி உண்டா!"

அப்பாவின் காது சிவந்துவிட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "சரி, சரி… தெருவுல எல்லாரும் பார்க்கறாங்க இல்ல?"

அம்மா நிமிர்ந்தாள்.

"உங்களை இல்லீங்க. கொஞ்சம் நகருங்க, பூனைக்குக் காத்து வரட்டும்."