எலுமிச்சை மரத்துக்கு ஒரு கிரீஸ் பட்டை

ஓசூரில் மகள் வீட்டில் அதிகாரம் செய்துகொண்டிருக்கும் அன்பு மரகதத்துக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து கோதண்டராமன் எழுதுவது. நான் நலம். உன் எறும்புகள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்டுவாய், அதனால்தான் காகிதம்.

மசக்கையில் நம்ம பெண் ரஞ்சனிக்கு எலுமிச்சை ஊறுகாய் தவிர எதுவும் தங்கவில்லை, நம்ம மரத்துக் காயைப் பத்திரமாகப் பார்த்துக்கோ, மருந்து அடித்தால் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று சத்தியம் வாங்கிப் போனாயே, நீ பஸ் ஏறியதும் கொழுந்தெல்லாம் சுருண்டுவிட்டது. திருப்பிப் பார்த்தால் பேன் மாதிரி பூச்சி. எறும்புகள் அதை மாடுபோல மேய்த்து, அது விடுகிற இனிப்புத் தண்ணீரைக் குடிக்கின்றன. தின்ன வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டுகின்றன. நான் வேலை பார்த்த கம்பெனியில் மஞ்சள் கோடு போட்டால் ஆள் தாண்டமாட்டான் என்று மரத்தைச் சுற்றிப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் அந்தக் கோட்டின்மேலேயே வரிசையாக நடந்துபோயின.

பக்கத்து வீட்டு அண்ணாதுரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறான்.

"இன்னாப்பா, எறும்புக்குப் பயந்துகினு கீறே? ஒரு பாக்கெட் பவுடரைத் தூவு, காலையில ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும்னா, தொட்டியடித் தேரையும் இருக்காதேப்பா. அது எங்க வூட்டம்மாவுக்குச் சொந்தம். நான் பேசுனா காது குடுக்க மாட்டா, அதுகிட்ட மட்டும் அவ்ளோ பேசுவா."

பிறகு அடிமரத்தில் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவினேன். எறும்பால் ஏற முடியவில்லை. பொறிவண்டுகள் வந்து பூச்சியைத் தின்று தீர்த்துவிட்டன. புதுக்கொழுந்து வந்திருக்கிறது, காய் ஒன்றுகூட விழவில்லை. கீழே நின்ற எறும்புகளை மட்டும் அடியோடு துரத்திவிடப் போகிறேன், அதில் நீ தலையிடாதே. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அவசரப்படாமல் மூன்று மாதம் இருந்துவிட்டே வா. வல்லக்கோட்டை முருகன் பெண்ணையும் வயிற்றுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்வான். மாப்பிள்ளையை நீ பார்த்துக்கொள், பாவம்.

இப்படிக்கு,
உன் கோதண்டராமன்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது எட்டிப் பார்த்தேன். கிரீஸுக்குக் கீழே எறும்புகள் அப்படியே நிற்கின்றன, ஷிப்டுக்கு வந்தும் உள்ளே விடப்படாத ஆட்கள் கேட்டில் நிற்பதுபோல. கம்பெனி கதவடைப்பில் நானும் அப்படி நின்றவன்தானே. வேலியோரம் கொஞ்சம் வெல்லம் வைத்தேன். இப்போது அங்கே நல்ல கூட்டம். தேரையிடம் நானும் பேசிப் பார்த்தேன், அது உன்னைத்தான் கேட்கிறது. மூன்று மாதம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. ஞாயிற்றுக்கிழமை காயோடு நானே வருகிறேன், திரும்பும்போது என்கூட வந்துவிடு.