முசுக்கட்டைத் தெருவுக்கு ஒரு தடையில்லாச் சான்று

ஹம்தம் காலைத் தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, சபதம் செய்தார்.

"இந்த வருஷம் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நம்ம தெரு சுமலக் என் மேற்பார்வையிலதான். சட்டப்படி, சுத்தப்படி, முறைப்படி!"

ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த மனைவி இனோபத்தின் கை அப்படியே நின்றது.

"போன வருஷமும் உங்க மேற்பார்வைதானே? அந்தத் தீஞ்ச வாசம் இன்னும் என் சால்வையை விட்டுப் போகலை."

பழக் கூழில் ஒரு தூசு கூடத் தப்பாத கண் ஹம்தமுக்கு. ஊரிலிருந்த பழ டப்பாத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். உத்தியோகம் ஓய்வு பெற்றுவிட்டது, மேற்பார்வை மட்டும் பெறவில்லை. சுமலக்கோ, முளைகட்டிய கோதுமைப் பாலையும் மாவையும் பெரிய கொப்பரையில் ஊற்றி, தெருப் பெண்கள் ஒரு பகலும் ஓர் இரவும் முறைவைத்துக் கிண்டுகிற பண்டம். அடிப்பிடிக்காமலிருக்கக் கழுவிய கூழாங்கற்களை உள்ளே போடுவார்கள். தன் கிண்ணத்தில் கல் வந்தவர் எதை நினைத்துக்கொண்டாலும் நடக்கும். போன வருஷம் பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஹம்தம் எட்டிப் பார்த்தார். உணவில் கல்! அகப்பையை எடுத்து ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்தார். மறுநாள் முசுக்கட்டைத் தெரு மொத்தமும் கரி தின்றது. குழந்தைக்காக ஒரு கல்லை நம்பியிருந்த பக்கத்து வீட்டு மருமகள் நிகோரா, கிண்ணத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு அழுதே விட்டாள்.

சபதம் சுவர் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நிமிஷம் நிகோராவின் மாமியார் ஹோசியத் வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணன் கொப்பரைப் பக்கம் வந்தாருன்னா, நாங்க எல்லாரும் அகப்பையைக் கீழ போட்டுட்டு அவங்கவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். எங்க அம்மா செத்து எட்டு வருஷமாச்சு. இருந்தாலும் போவேன்."

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று இனோபத் அவளை அனுப்பிவிட்டு, கணவனுக்கு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றினாள். இனோபத் பாலர் பள்ளியில் முடி நரைக்கும்வரை வேலை பார்த்தவள். ஹம்தமின் கணக்கில் அதெல்லாம் உத்தியோகமே இல்லை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவதை யாராவது உத்தியோகம் என்பார்களா?

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றாள். "சட்டப்படின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கிறீங்க. தெருவை அடைக்கணும், நெருப்பு மூட்டணும், ஒலிபெருக்கி வைக்கணும். அனுமதி வாங்கிட்டீங்களா?"

"அனுமதியா? அதை யாரு இதுவரைக்கும் வாங்கினா?"

"யாரும் வாங்கலை. அதான் இத்தனை வருஷமா திருட்டு சுமலக் தின்னுட்டிருக்கோம். வாங்குற தெம்பு வேற யாருக்கு இருக்கு?"

ஹம்தம் தொப்பியைத் தலையில் வைத்தார். மீசை தானாக ஒரு சுற்று முறுக்கிக்கொண்டது.

நகராட்சியில் இருந்த இளம்பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள், நாற்காலி போட்டாள், உலர்ந்த ஆப்ரிகாட்டும் தேநீரும் வைத்தாள். அனுமதியை மட்டும் வைக்கவில்லை.

"குடுத்துடலாங்க. தெருவை அடைக்கிறீங்க இல்ல, போக்குவரத்துப் போலீஸ்ல ஒரு தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க. வீட்டுல அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

முழங்கால் விஷயம் நகராட்சிக்கு எப்படித் தெரியும் என்று ஹம்தம் யோசிக்கவில்லை. அரசாங்கத்துக்குத் தெரியாதது உண்டா?

போக்குவரத்துப் போலீஸ், தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பியது. தீயணைப்பு அதிகாரி, ஆறடி ஆள், மரியாதையாகக் கைகட்டிக் கேட்டுவிட்டு, "புகை முசுக்கட்டை மரத்துல படுமே?" என்று கவலைப்பட்டுத் தோட்டத் துறைக்கு அனுப்பினார். தோட்டத் துறை, சுகாதாரத் துறைக்கு. சுகாதாரத் துறை, "தெருவுல கழுதை கிழுதை வருமா?" என்று கேட்டுக் கால்நடை மருத்துவரிடம். தடையில்லாச் சான்றுக்குத்தான் எத்தனை தடை! கையெழுத்து வாங்கப் போனவர் தலையெழுத்தை நொந்துகொண்டு திரும்பினார். ஆனாலும் உள்ளூர ஒரு சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகு இத்தனை அலுவலகங்களில் இத்தனை மரியாதை அவருக்குக் கிடைத்ததே இல்லை.

"விட்டுடலாங்க" என்றாள் இனோபத், அவர் காலுக்கு வெந்நீர் வைத்தபடி. "உங்க உடம்புதான் முக்கியம்."

"விடறதா? நானா? என்னை யாருன்னு நெனச்சே?"

"தெரிஞ்சுதாங்க சொன்னேன்."

கடைசியாகப் பாக்கி நின்றது ஒரே ஒரு முத்திரை. அது மாவட்டத் தலைநகரில்தான் கிடைக்கும் என்றாள் நகராட்சிப் பெண். பண்டிகைக்கு முந்தின நாள் ஹம்தம் பேருந்து ஏறினார். அங்கே, "காலைல வாங்க" என்றார்கள். தங்கை வீட்டில் படுத்து எழுந்து, முத்திரை வாங்கி, அடுத்த பேருந்தைப் பிடித்தார். இனிமேல்தான் நெருப்பு மூட்ட வேண்டும். ஒரு நாள் தாமதமானால் என்ன, சட்டப்படியான முதல் சுமலக்!

தெருமுனையில் இறங்கினார். தெரு அடைத்திருந்தது. ஒலிபெருக்கி பாடியது. முசுக்கட்டை மரத்தடியில் கொப்பரையின் மூடியை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! நெருப்பை அணைங்க! அனுமதி இப்பத்தான் வந்திருக்கு!"

"அணைச்சாச்சுங்க" என்றது ஒரு குரல். பார்த்தால், தீயணைப்பு அதிகாரி. கையில் கிண்ணம். அவர் பக்கத்தில் போக்குவரத்துப் போலீஸ், தோட்டத் துறை, சுகாதாரம், கால்நடை, எல்லாரும் கிண்ணமும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அகப்பை பிடித்துப் பரிமாறிக்கொண்டிருந்தவள் நகராட்சிப் பெண்.

"நீங்க... அனுமதி இல்லாம எப்படி..."

"அனுமதியா? அது டீச்சரம்மா போன் பண்ணின அன்னைக்கே குடுத்துட்டோமே. நாங்க எல்லாரும் அவங்ககிட்டப் படிச்ச பசங்கதானே? எனக்கு மூக்குத் துடைச்சுவிட்டதே அவங்கதான்" என்றார் ஆறடி அதிகாரி, வெட்கத்தோடு.

ஹம்தமுக்குக் காது வரைக்கும் சிவந்தது. மனைவியை மரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

"அப்ப நான் ஊரெல்லாம் அலைஞ்சது?"

"அதுவும் சமையல்ல சேர்த்திதாங்க. எதாவது ஒண்ணு உருண்டுக்கிட்டே இருந்தாத்தான் அடிப்பிடிக்காது. நீங்க ஊர்ல உருண்டீங்க, கல்லு கொப்பரையில உருண்டுது."

"எல்லார்கிட்டயும் சொல்றேன் பாரு!"

அதற்குள் ஒலிபெருக்கியில் ஹோசியத்தின் குரல் கிளம்பியது. "நம்ம தெருவுக்காக அலுவலகம் அலுவலகமா ஏறி இறங்கி அனுமதி வாங்கித் தந்த ஹம்தம் அண்ணனுக்கு எல்லாரும் கைதட்டுங்க!"

தெரு அதிர்ந்தது. ஹம்தம் பிறந்ததிலிருந்து அவருக்காக ஒரு தெரு கைதட்டியதில்லை.

"சொல்லிடலாமா?" என்று இனோபத் காதோரம் கேட்டாள்.

ஹம்தம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினார். எதிரே நிகோரா தன் கிண்ணத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குப் பாதிக் கோபம் போயிற்று. மீதிக் கோபம் சுமலக்கின் முதல் வாயில் போயிற்று. அப்படி ஒரு ருசி. இரண்டாவது வாயில், கடக்! பல்லில் கல்.

"அட, உங்களுக்கும் கல்லு!" என்றாள் இனோபத். "சீக்கிரம் எதாவது நெனச்சுக்கோங்க!"

ஹம்தம் கண்ணை மூடினார். அடுத்த வருஷமாவது தான் கொப்பரைப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று உருகி உருகி நினைத்தார். கண்ணைத் திறந்தார்.

"என்ன நெனச்சீங்க?"

"வெளிய சொன்னா நடக்காது."

"சொல்லவே வேணாம், மூஞ்சியிலயே தெரியுது" என்றாள் இனோபத், அவர் மீசையில் ஒட்டியிருந்த சுமலக்கைத் துடைத்துவிட்டபடி. "ஆனா அதுக்கு நகராட்சியில அனுமதி வாங்கணுங்க. திங்கட்கிழமையே கிளம்பிடுங்க."