இரண்டு மணிப் பயிற்சி

"முழங்கால் வலி மேடம். சனிக்கிழமை நம்ம வங்கி ஆட்டத்துல ஆட முடியாது," என்றார் உல்லாஸ் தாமணே.

"எந்தக் கால்?"

உல்லாஸ் யோசித்தார். "ரெண்டும்."

மேலாளர் ரேணுகா பிஷ்ட் அந்த தாதர் கிளைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மலைநாட்டுப் பெண். கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது, ஆனால் வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது உல்லாஸ் தினமும் இரண்டு மணிக்கே கிளம்பிவிடுவதும், எதிரே 'பயிற்சி' என்று எழுதியிருப்பதும் அவர் கண்ணில் பட்டுவிட்டன.

பம்பாயில் இது ஊரறிந்த ஏற்பாடு. நன்றாக ஆடும் பையன்களை வங்கிகள் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மதியத்துக்கு மேல் அவர்கள் மைதானத்துக்குப் போகலாம். பள்ளி ஆட்டத்தில் முந்நூற்று நாற்பது ரன் அடித்த இடது கைக்காரன் என்று இந்த வங்கி உல்லாஸைக் கொத்திக்கொண்டு போனது. அடுத்து இந்திய அணிதான் என்று தாதர் முழுக்கப் பேச்சு. அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

கேட்காத ஒரே இடம் ஆசாத் மைதானத்தின் மரத்தடி பெஞ்சு. உல்லாஸ் மட்டையைத் தொட்டுப் பதினைந்து வருடமாகிறது. இரண்டரை மணிக்கு முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு அந்த பெஞ்சில் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்தத் தூக்கம் ஒன்றுதான் கிரிக்கெட் அவருக்குக் கொடுத்த பரிசு.

"டாக்டர் கிட்ட காட்டுங்க தாமணே ஜி," என்றார் மேடம். "நானே சொல்லி வைக்கிறேன்."

டாக்டர் இரண்டு முழங்காலையும் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "இருபத்தஞ்சு வயசுப் பையன் கால் சார் இது! அதிகம் உபயோகிக்கல போல?" என்று நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து உல்லாஸ், தன்னிடம் மட்டை இல்லை என்றார். மறுநாள் காலை காசாளர் பருல்கர் தன் மகனுடைய புது மட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வரும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் முந்நூற்று நாற்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இளைஞர்களுக்கு வழி விடணும் மேடம்," என்று கடைசியாக ஒன்றைப் போட்டுப் பார்த்தார் உல்லாஸ்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பெரிய மனசா! அப்ப சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். நீங்க ஆடறதைப் பார்த்துட்டு உங்க ரெண்டு மணியைப் பத்தி முடிவு பண்றேன். ஆடாதவருக்குப் பயிற்சி எதுக்குன்னு தலைமை அலுவலகத்துல கேக்கறாங்க."

உல்லாஸுக்கு பெஞ்சு கண்முன் வந்து நின்றது.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போகும்போது பருல்கர் விடவில்லை. "அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னைக்கு இதே மைதானத்துல செலக்டருங்க வந்தப்ப நூத்தி அறுபத்தி நாலு அடிச்சீங்களாமே. அப்புறமும் ஏன் எடுக்கல?"

"காலே நகரலன்னு சொல்லிட்டாங்கப்பா."

"நூத்தி அறுபத்தி நாலு அடிச்சவருக்கா?"

"அவங்க பெரியவங்க. நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்."

அதற்கப்புறம் பத்து வருடம் உல்லாஸ் கால் நகர்த்தக் கற்றுக்கொண்டார். கண்ணாடி முன் நகர்த்தினார், சமையலறையில் நகர்த்தினார், ரயில் பெட்டியில் நகர்த்தி அடுத்தவர் காலை மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பந்தைப் பார்த்து ஆடியவர் காலைப் பார்த்து ஆட ஆரம்பித்தார். கால் பிரமாதமாக நகர்ந்தது. ரன்தான் வரவில்லை. அந்தப் பத்து வருடத்தை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பெல்லாம் அசதியாக இருக்கும்.

ஆசாத் மைதானத்தில் அன்றைக்கும் இருபது ஆட்டம். ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்தின் நடுவர் காலடியில் போய் நிற்கும். யார் யாருடைய ஆள் என்று அவரவருக்கே சந்தேகம் வரும். அதைப் பார்த்ததும்தான் உல்லாஸுக்கு அந்த யோசனை வந்தது. கூடாரத்தின் பின்னால் கிழவர் தோண்டிபா தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக மைதானத்தைப் பராமரிப்பவர்.

"தோண்டிபா, எங்க மேடம் வராங்க. நாற்காலியை..."

"பக்கத்து ஆட்டத்தைப் பார்த்தாப்புல போடணும். அவ்வளவுதானே சாப்?"

மேடம் இனிப்புப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். "எது நம்ம ஆட்டம்?"

"நேரா பாருங்க மேடம்," என்றார் தோண்டிபா. "வெயில் படாது."

மேடத்தின் முதுகுக்குப் பின்னால் உல்லாஸ் இறங்கினார். முதல் பந்துக்குக் கால் அழகாக நகர்ந்தது. இரண்டாவது பந்துக்கும் நகர்ந்தது, ஸ்டம்பு விழுந்தது. ஓசைப்படாமல் வந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டார். மேடத்தின் முகத்துக்கு நேரே யாரோ ஒரு ஹெல்மெட் போட்டவன் பந்தைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தான். மேடம் எழுந்து நின்று கைதட்டினார்.

உணவு இடைவேளையில் கூடாரத்துக்குள் வந்தார். "தாமணே ஜி! இவ்வளவு அடிச்சுட்டும் மூச்சுக்கூட வாங்கலியே!"

"பழக்கம் மேடம்."

"இப்படி ஒரு திறமையை யாரும் கவனிக்காம விட்டுட்டாங்களே! தலைமை அலுவலகத்துக்கு இப்பவே போன் பண்ணிட்டேன். இனிமே எல்லா ஆட்டத்துக்கும் நீங்கதான் கேப்டன். மத்தியானத்து வெயில்ல பயிற்சி வேண்டாம். தினம் காலை ஆறு மணிக்கு. நானும் வந்து பார்ப்பேன்." இனிப்புப் பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உல்லாஸ் கால் காப்பைக்கூடக் கழற்றாமல் மேடம் உட்கார்ந்த நாற்காலியில் போய் விழுந்தார். பெஞ்சு போயிற்று. காலைத் தூக்கமும் போயிற்று. தோண்டிபா டீ கொண்டுவந்தார்.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்ல தோண்டிபா," என்றார் உல்லாஸ். "அளவெடுத்த மாதிரிதான் போட்டிருக்க. இங்கேருந்து பார்த்தா நம்ம ஆட்டம் ஒரு துளி தெரியல. இதை எங்கே கத்துக்கிட்ட?"

"எனக்கென்ன புதுசா சாப்? நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கோட்டு போட்ட மூணு பெரிய மனுசங்க வந்தாங்களே, நீங்க நூத்தி அறுபத்தி நாலு அடிச்ச அன்னைக்கு. வெயில் கண்ணுல குத்துதுன்னு நான்தான் நாற்காலி மூணையும் இப்படித் திருப்பிப் போட்டேன். பாவம், நாள் பூரா பக்கத்து ஆட்டத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அங்கயும் ஒரு இடது கைப் பையன்தான் சாப். ஆனா அவனுக்குக் காலே நகரல."