கட்டை கொடுத்த வண்டி

தொலைபேசியில் மேலாளரின் குரல் பாதி வந்து சேர்ந்தது, பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.

"நாளைக்கு டிரைவர்கள் கூட்டம்... கர்ர்ர்... ஸ்கிட்டு உங்க பொறுப்பு. கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரணும். போன தடவை மாதிரி நமுத்துப் போச்சுன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

இணைப்பு அறுந்தது. பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநர்களுக்குப் பாடம் எடுக்கும் தற்காலிக வாத்தியார் திரும்பக் கூப்பிட்டு விளக்கம் கேட்கத் துணியவில்லை. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்பது இந்த வாரம்தான் முடிவாகப் போகிறது.

ஆங்கிலத்தில் ஸ்கிட் என்றால் சறுக்கல்தானே, வண்டி சறுக்குவதைப் பற்றிப் பேசச் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அகராதியைப் புரட்டியவருக்குப் புதையலே கிடைத்துவிட்டது.

"இதக் கேளேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஸ்கிட்டுன்னா ஆதியில வெறும் கட்டைதான். இறக்கத்துல வண்டி ஓடிடாம இருக்க சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாங்கல்ல, அது. சக்கரம் நின்னுடும். வண்டி நிக்குமா? அப்படியே சறுக்கிட்டுப் போகும். கடைசியில நிறுத்த வந்த கட்டையோட பேரே சறுக்கறதுக்கு ஆயிடுச்சு!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, ஸ்கிட்டுன்னா நாடகங்க! எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் போடறோம். நீங்க பாட்டுக்கு அகராதிய வாசிச்சு, இருக்கிற வேலைக்கும் உலை வச்சுக்காதீங்க."

"விடியறதுக்குள்ள நாடகத்துக்கு நான் எங்க போவேன்?"

"என் தம்பி சும்மாத்தானே இருக்கான்?"

சும்மா இருப்பதில் மட்டும் சோம்பல் காட்டாதவன் அந்தத் தம்பி. மச்சினன் வண்டி, வாத்தியார் கட்டை என்று வேஷம் பிரிந்தது. படித்ததை விட மனமில்லாமல் வாத்தியார் அதையே வசனமாக்கினார்.

மறுநாள் மண்டபத்துத் தரையை மெழுகு போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். "ஷூ சத்தம் போடுது மாமா" என்று மச்சினன் வழவழவென்ற காலுறையோடு வந்து நின்றான்.

"நான்தான் கட்டை! என்னைத் தாண்டி எந்த வண்டியும் போகாது!" என்று முழங்கிவிட்டு வாத்தியார் குறுக்கே குந்தினார்.

வண்டி ஓடி வந்தது.

"மாமா, நிக்க முடியல! நகருங்க மாமா!"

கட்டையும் வண்டியும் ஒன்றாகச் சறுக்கி, முன்வரிசையில் மேலாளரின் காலடியில் போய்த்தான் நின்றன. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டார் வாத்தியார். போவதுதான் போகிறது, பாடத்தையாவது முடிப்போம் என்று படுத்தபடியே கத்தினார்.

"பாத்தீங்களா? கட்டை குடுத்தாலும் வண்டி நிக்காது. ஈர ரோட்டுல பிரேக்க ஒரேயடியா மிதிச்சா இதே கதிதான்!"

மண்டபமே அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து விசில் பறந்தது. மேலாளர் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"யாரும் கேக்காமலே இப்படி உடம்ப வருத்திப் பாடம் நடத்தற ஆளை விட்டுடுவேனா? இன்னியிலேருந்து நீங்க நிரந்தரம்யா!"

'கேட்காமலேயா?' என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் சந்தோஷத்தில் அதை யோசிக்க எங்கே நேரம்? மனைவிக்குச் சொல்ல அவர் கை ஃபோனைத் தேடியது.

அப்போது டீத் தட்டோடு வந்த கேன்டீன்காரர் அவர் காதருகே குனிந்தார்.

"சார், டீ ஆறுது. நேத்து என் எதிர்லதானே மேனேஜர் உங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாரு? எங்க சார் பிஸ்கிட்டு?"