கஞ்சி போட்ட தலையும் கல்யாணக் கூடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தலைமுடியை வெட்டிக்கொண்டது தப்பில்லை. அதை நட்டுக்குத்தலாக நிற்க வைத்ததும் தப்பில்லை. தப்பு முழுக்கக் கஞ்சியுடையது. எங்கள் சொந்தத்தில் யாராவது, "அன்னைக்கு நீ பண்ணுன கூத்துக்கு..." என்று ஆரம்பித்தால் நான் அந்த இடத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். வருத்தமா? எனக்கா? இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் கஞ்சியைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைப்பேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். என் ரூமில் இருந்த பெங்களூர்க்காரி ஒரு கேசட் கொண்டு வந்திருந்தாள். பங்க் ராக்காம். பாடுகிறவள் ஒரு வெள்ளைக்காரி. பாட்டா அது? பவர்லூம் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி பல்வலியில் கத்துகிற மாதிரி இருக்கும். (தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?) பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கேசட் அட்டையில் அவள் போட்டோ இருந்தது. தலைமுடி முழுக்க வேலமுள் மாதிரி குத்திக்கொண்டு நிற்க, "என்ன இப்போ?" என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வை மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இடுப்பு வரை இருந்த என் சடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெங்களூர்க்காரியே கத்தரித்தாள். துணி சோப்பைக் குழைத்துத் தடவி முடியை நிற்க வைத்தோம். மெஸ்ஸுக்குப் போனால் சாதம் போடுகிற அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். எனக்கு ஒரே பெருமை. அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம் என்பது அந்த நேரத்தில் சுத்தமாக நினைவில் இல்லை. (அறிவு அப்படி.)

சோமனூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய் நின்றபோது அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொட்டை அடிச்சிருந்தாக்கூட பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிப்போடலாம். இதுக்கு என்னன்னு கண்ணு சொல்றது?"

அம்மாவின் கவலை நியாயமானதுதான். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், கல்யாணப் பெண் கட்டப்போகிற கூறைப்புடவையை ஒரு மூங்கில் கூடையில் வைத்து, மாப்பிள்ளையின் தங்கை தலையில் சுமந்து அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ எந்த ஊட்டுக்கு வாழப் போனாலும் இந்த ஊட்டில் உனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொல்கிற சீர் அது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ கல்யாணத்தில் எவளெவளோ கூடை சுமப்பதை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அப்பா போன பிறகு எனக்கு இருந்தது அண்ணன் ஒருத்தன்தான். அவன் பக்கத்தில் நான் நிற்காமல் வேறு யார் நிற்பது?

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். இருக்கிற முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, சவுரியை வைத்துக் கட்டி, மேலே பூவைப் போட்டு மூடிவிடுவது. அம்மா முகத்துக்காக நானும் தலையை ஆட்டினேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியப்பா வந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் பின்கட்டில் இருப்பது தெரியாமல் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சவுரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அது மணையில நின்னா நம்ம மானம் போயிரும். கூடையை என்ற மக மல்லிகா எடுக்கட்டும். நான் அருமைக்காரர்கிட்டயும் சொல்லிப்போட்டேன்."

அருமைக்காரர் என்பவர் எங்கள் சீர்களை நடத்தி வைக்கிற பெரியவர். அவர் வரைக்கும் பேசி முடித்தாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் தலையை ஆட்டிவிட்டார். எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரைக்கும் எரிந்தது. ஓஹோ, அப்படியா சேதி? படிய வாரலாம் என்று இருந்தவளை இவர்களே கிளப்பிவிட்டார்கள்.

வீட்டை ஒட்டித்தான் அண்ணனின் சைசிங் பட்டறை. தறியில் ஓடும்போது அறுந்துவிடாமல் இருக்க நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குகிற இடம். மாவு, பசை, மெழுகு எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்கள். அந்தக் கஞ்சியில் முக்கிக் காய வைத்த நூல் கம்பி மாதிரி நிற்கும். நூல் நின்றால் முடி நிற்காதா? (கோவைப் பக்கத்துக்காரிக்கு மட்டும்தான் இந்த யோசனை வரும். வெள்ளைக்காரிக்குப் பாவம், இந்த வசதி ஏது?) ஒரு தூக்குப்போசி நிறையக் கஞ்சியை எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் பொள்ளாச்சியில். விடிந்தும் விடியாமலும் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய்க் கஞ்சியைச் சூடு பண்ணினேன். சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இது களிங்களா?"

"தலைக்குங்க."

ரூமில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக் கஞ்சியைத் தடவி நிறுத்தினேன். காய்ந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். அந்தப் பாடகி தெரிவாள் என்று நினைத்தேன். பச்சைப் பட்டு கட்டிய பலாப்பழம் ஒன்று நின்றது. பரவாயில்லை என்று அதே பார்வையை முகத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மல்லிகைப் பூவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "இதை நான் எங்க கண்ணு வெக்கறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே பூச்சரத்தை முள்ளுக்கு முள் சுற்றிக் கட்டிவிட்டார். அம்மா என் பக்கம் வந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மணையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மல்லிகா அக்கா, முழங்கால் வரைக்கும் சடை, கையில் கூடை. பெரியப்பா என் தலையைப் பார்த்து, "அம்மணி, தயவு பண்ணி அக்கட்டால போயிருங்க" என்றார். (எங்கள் பக்கத்தில் எரிச்சல் முற்றிவிட்டால் சின்னப்பிள்ளைக்கும் மரியாதை கூடிவிடும்.)

"அது என்ற கூடைங்க பெரியப்பா. முடி போனா தங்கச்சி இல்லைன்னு ஆயிருமுங்களா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த பெண் வீட்டார் மொத்தமும் முன்வரிசையில். அண்ணன் அதிர்ந்து பேசாதவன். கடைக்காரர் அழுகின தக்காளியைக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வருகிறவன். என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பட்டறைக் கஞ்சியா?"

"ஆமா."

"அவ வந்தாத்தானுங்க சீர். இல்லீன்னா நான் எந்திரிச்சுக்கறேன்" என்று பெரியப்பாவிடம் சொன்னான். நிஜமாகவே பாதி எழுந்தும் விட்டான். எனக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. பாடகி அழமாட்டாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மல்லிகா அக்கா கூடையை என்னிடம் நீட்டினாள். அருமைக்காரர் அருகம்புல்லில் தண்ணீரைத் தொட்டு எங்கள் தலையில் தாராளமாகத் தெளித்தார். கூடை என் தலையில் ஏறியது. சும்மாடுகூட இல்லாமல் அசையாமல் உட்கார்ந்தது. வீடியோக்காரர் சந்தோஷமாகி, நெருப்பாகச் சுடுகிற அந்தக் காலத்து லைட்டை என் முகத்துக்கு நேரே கொண்டு வந்து பிடித்தார். பிடித்தவர் எடுக்கவே இல்லை. தண்ணீர் பட்டுக் கஞ்சி இளகி மூங்கில் இடுக்கில் இறங்கியதும், லைட்டுச் சூட்டில் அது திரும்ப இறுகியதும் எனக்கு எப்படித் தெரியும்? சீர் முடிந்தது.

"கூடையை எறக்கு அம்மணி" என்றார் அருமைக்காரர்.

தூக்கினேன். வரவில்லை. அண்ணன் தூக்கினான். கூடையோடு நானும் வந்தேன். அருமைக்காரர் ஒரு பக்கம், மல்லிகா அக்கா ஒரு பக்கம் பிடித்து ஆட்ட, "ஐயோ, உசுரு போகுது" என்று கத்திவிட்டேன். பாடகி கத்துவதற்கு இது கொஞ்சமும் குறைவில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். கூறைப்புடவையைக் கூடையிலிருந்து எடுத்துப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கூடை அப்படியே இருந்தது. நானும் அப்படியே நின்றேன். ஓடிப் போய் ரூமில் ஒளிந்துகொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது நிஜம். ஆனால் இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய இடத்தை விட்டுவிட்டுப் போவதா? போகவில்லை.

பெண்ணின் தாய்மாமா எழுந்து வந்து பெரியப்பாவிடம் பணிவாகக் கேட்டார்.

"ஏனுங்க, உங்க பக்கம் தாலி கட்டற வரைக்கும் கூடையை எறக்க மாட்டாங்களாட்ட இருக்குதுங்க?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க. அது எங்க கூட்டத்து வழக்கமுங்க. தங்கச்சி தலையில கூடை இருக்கறப்பத்தான் தாலி ஏறோணும்."

"அந்த முடியுமுங்களா?"

"அது... காலேஜ் வழக்கமுங்க."

கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற போட்டோவில் அண்ணன், அண்ணி, நடுவில் கூடைக்குக் கீழே நான். முகத்தில் அதே, "என்ன இப்போ?" பார்வை. வேறு வழியும் இல்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அண்ணிதான் என்னை ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். கழுத்தில் ஏறிய தாலியோடும் மாலையோடும் புடவையைச் செருகிக்கொண்டு வெந்நீரையும் தேங்காய் எண்ணெயையும் மாற்றி மாற்றி ஊற்றினார். கூடை கழன்றது. உச்சிமுடி பாதி அதோடு போனது. அண்ணி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "ஏனுங்க, யாரைப் பார்த்துங்க இப்படி வெச்சீங்க?" பெங்களூர்க்காரியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த கேசட் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பாட்டை எனக்கும் போட்டுக் காட்டோணும்" என்றார்.

பெரியப்பா சொன்னது சொன்னதுதான். உடுமலைக்காரர்கள் அடுத்தடுத்த கல்யாணங்களுக்கும் வந்துகொண்டே இருந்ததால் அவரால் பின்வாங்க முடியவில்லை. அவர் மகன் கல்யாணத்தில் தாலி ஏறுகிறவரை மல்லிகா அக்கா கூடையோடு நின்று, ஒரு வாரம் கழுத்துக்குத் தைலம் தேய்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கூடை எடுத்தாலும், "சும்மாடு வேணுமா, கஞ்சி வேணுமா?" என்று யாராவது ஒருத்தர் கேட்காமல் விடுவதில்லை.

போன தையில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். கூடை எடுத்தது அவன் தங்கை. ஒட்ட வெட்டிய முடி, அதில் பாதி நீலம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடி ஊன்றி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, சீர் முடிந்ததும் கூடையை இறக்கப் போனவளைப் பார்த்து, "தாலி ஏறட்டும் அம்மணி, அது நம்ம வழக்கம்" என்று அதட்டினார். அவர் அதை நிஜமாகவே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவள் என் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தாள். "அத்தை, எல்லாம் உங்களாலதானுங்க. கழுத்து வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றேன். "தலையை மட்டும் குனியாத கண்ணு, கூடை விழுந்துரும்."